அட்டவணைக்கு சிஎஸ்எஸ் எழுதுவது: அணை நீர்மட்டம் முதல் அல்வா விலை வரை, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு சுற்றுவட்டாரத்துக் கடைகள், விவசாயிகள் சங்கங்கள், கோயில் விழாக் குழுக்கள் என்று பலருக்கும் வெப்சைட் செய்து கொடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நாலைந்து காலேஜ் பிள்ளைகள் வந்து உட்கார்ந்து வேலை பழகுவார்கள். எந்த வேலையை எடுத்தாலும் அதில் ஒரு அட்டவணை இருக்கும்: பாபநாசம் அணை நீர்மட்டம், பஸ் நேரம், கருப்பட்டி விலை, ஆனித் திருவிழாவில் எந்த நாள் எந்த வாகனம். பார்க்க வருகிறவர் முழுப் பக்கத்தையும் படிக்க வருவதில்லை, ஒரு வரிசையில் ஒரு எண்ணைத் தேடித்தான் வருகிறார். அந்தக் கண் வழி தவறாமல் போய்ச் சேர வேண்டும், பக்கத்தின் தோற்றத்தைச் சொல்கிற மொழியான சிஎஸ்எஸ் எல்லாம் அதற்காகத்தான். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். பண்புகளின் பெயரை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன், கோப்பில் வழக்கம்போல ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள். மேலிருந்து கீழே போவதைப் பத்தி என்றும், குறுக்கே போவதை வரிசை என்றும், இரண்டும் சந்திக்கிற இடத்தைக் கட்டம் என்றும் சொல்கிறேன்.

சிஎஸ்எஸ் எழுத உட்காரும் முன் எதைச் சரிபார்க்க வேண்டும்?

எச்டிஎம்எல்லை, அதாவது எது தலைப்பு, எது விவரம் என்று டேக் போட்டு எழுதுகிற கோப்பை. வருகிற கோப்புகளில் பாதிக்கு மேல் தலைப்பு வரிசையும் டிடி (விவரக் கட்டத்துக்கான டேக்), விவர வரிசையும் டிடி, தலைப்புக்கு மட்டும் போல்டு என்றுதான் இருக்கும். அதை வைத்துக்கொண்டு ஸ்டைல் எழுதினால் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு கிளாஸ் எழுதிக்கொண்டே போக வேண்டியதுதான். தலைப்புக் கட்டங்கள் டிஎச், அந்த வரிசை டிஹெட்டுக்குள், விவரம் டிபாடிக்குள், மொத்தக் கூட்டல் இருந்தால் டிஃபுட்டுக்குள், அட்டவணையின் பெயர் கேப்ஷனில். ஒவ்வொரு வரிசையின் முதல் கட்டத்தில் அணையின் பெயர் வருகிறதென்றால் அதுவும் டிஎச்தான், ஸ்கோப் என்ற இடத்தில் ரோ என்று கொடுக்க வேண்டும். பார்வையில்லாதவர் ஸ்கிரீன் ரீடர் வைத்துக் கேட்கும்போது வெறும் எண்ணை மட்டும் கேட்காமல் "மணிமுத்தாறு, நீர்வரத்து" என்று தலைப்போடு கேட்பதற்கு இதுதான் வழி. இவ்வளவும் சரியாக இருந்தால் கிளாஸ் ஒன்றுகூட இல்லாமல் முக்கால்வாசி ஸ்டைலை எழுதி முடித்துவிடலாம்.

கேப்ஷன் மேலே வேண்டாம், கீழே வரட்டும் என்றால் கேப்ஷன்-சைடு: பாட்டம். அதற்காக டேபிளுக்கு வெளியே தனியாக ஒரு வரி எழுத வேண்டியதில்லை.

பார்டர் போட்டால் ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனிப் பெட்டியாக இரட்டைக் கோடு வருகிறதே?

இதுதான் எல்லோருக்கும் முதல் கேள்வி. அட்டவணையின் இயல்பு நிலை, கட்டங்கள் ஒன்றையொன்று தொடாமல் நிற்பது. பிரவுசர்கள் நடுவில் 2 பிக்சல் இடைவெளி விடும். டேபிளுக்கு பார்டர்-கொலாப்ஸ்: கொலாப்ஸ் என்று ஒரு வரி கொடுத்தால் பக்கத்துப் பக்கத்துக் கோடுகள் ஒன்றாகிவிடும். முன்பெல்லாம் டேபிள் டேகுக்குள்ளேயே செல்ஸ்பேசிங், செல்பேடிங் என்று எழுதுவார்கள், பழைய கோப்புகளில் இன்னும் கிடக்கும். அதெல்லாம் இப்போது வழக்கொழிந்தவை. இடைவெளி வேண்டுமென்றே வேண்டும் என்றால் பார்டர்-ஸ்பேசிங், அது கொலாப்ஸ் போடாதபோது மட்டும் வேலை செய்யும்.

கொலாப்ஸ் போட்ட பிறகு வரும் அடுத்த குழப்பம்: "வரிசைக்குச் சிவப்புக் கோடு கொடுத்தேன், கட்டத்துக்குச் சாம்பல் கோடு கொடுத்தேன், சிவப்பு வரவே மாட்டேங்குது." ஒரே இடத்துக்கு இரண்டு கோடு போட்டி போட்டால் யார் ஜெயிப்பது என்று விதி இருக்கிறது. ஹிடன் என்று கொடுத்தது எல்லாவற்றையும் அடக்கிவிடும், நன் என்று கொடுத்தது எல்லோரிடமும் தோற்கும். நடுவில் உள்ளவர்களில் தடிமன் கூடியது ஜெயிக்கும். தடிமன் ஒன்றானால் கோட்டின் வகை பார்ப்பார்கள், இரட்டைக் கோடு முதலில், அதற்கப்புறம் முழுக்கோடு, அப்புறம் விட்டுவிட்டு வரும் கோடு, புள்ளிக்கோடு என்று போகும். அதுவும் ஒன்றானால் கட்டத்தின் கோடு வரிசையின் கோட்டை வெல்லும், வரிசையின் கோடு டேபிளின் கோட்டை வெல்லும். ஆகவே மேலே சொன்ன சிவப்புக் கோட்டை 2 பிக்சல் ஆக்கினால் போதும், வந்துவிடும்.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், நாலு பக்கமும் கோடு வேண்டவே வேண்டாம். ஒவ்வொரு வரிசைக்கும் கீழே மெல்லிய சாம்பல் கோடு, தலைப்புக்குக் கீழே கொஞ்சம் தடித்த கோடு, அவ்வளவுதான். நெடுக்குக் கோடுகளை எடுத்துவிட்டுப் பாருங்கள், எண்கள் சரியாக வரிசை பிடித்து நின்றால் கோட்டின் வேலையை அவையே பார்த்துவிடும்.

கட்டத்துக்கு மார்ஜின் கொடுத்தால் ஒன்றுமே நடப்பதில்லை, ஏன்?

டிடி, டிஎச் இரண்டுக்கும் மார்ஜின் கிடையாது. உள்ளே இடம் வேண்டுமென்றால் பேடிங்தான். இயல்பாக 1 பிக்சல்தான் இருக்கும், அதனால்தான் ஒன்றும் எழுதாத அட்டவணை அவ்வளவு நெருக்கமாகத் தெரிகிறது. நான் மேலும் கீழும் 0.5 ஈஎம் (எழுத்தின் அளவை ஒட்டிய அலகு), பக்கவாட்டில் 0.75 ஈஎம் வைத்துத் தொடங்குவேன்.

தமிழில் இன்னொரு விஷயம் இருக்கிறது. நம் எழுத்தில் மேலே புள்ளி, இகரக் கொக்கி, கீழே உகர, ஊகாரச் சுழி எல்லாம் இருப்பதால் ஆங்கிலத்துக்குப் பார்த்து வைத்த லைன்-ஹைட் (வரி உயரம்) நமக்கு நெருக்கடியாக இருக்கும். "முக்கூடல்" என்று இரண்டு வரியில் ஒரு கட்டத்தில் வந்து பாருங்கள், மேல் வரியின் கூ-வின் சுழி கீழ் வரிப் புள்ளியில் போய் முட்டுவதுபோல இருக்கும். லைன்-ஹைட் 1.6 வைத்தால் மூச்சு விடும். லெட்டர்-ஸ்பேசிங்கைத் தமிழ்த் தலைப்புக்குக் கொடுக்கவே கொடுக்காதீர்கள், சொல் சிதறிப்போய்ப் படிக்கக் கஷ்டமாகும். டெக்ஸ்ட்-டிரான்ஸ்ஃபார்மில் அப்பர்கேஸ் போடுவது நமக்கு எந்தப் பயனும் தராது, எடுத்துவிடலாம்.

கட்டத்துக்குள் எழுத்து மேலே நிற்க வேண்டுமா நடுவில் நிற்க வேண்டுமா என்பதற்கு வெர்டிகல்-அலைன். இயல்பு நடு. ஒரு கட்டத்தில் நாலு வரி விவரமும் பக்கத்தில் ஒரே ஒரு எண்ணும் இருந்தால் டாப் வைத்துவிடுங்கள்.

எண்களை நடுவில் வைப்பதா, வலது ஓரத்திலா?

வலது ஓரத்தில். இதில் மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. அணைகளின் முழுக் கொள்ளளவு மட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்: பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156 அடி, மணிமுத்தாறு 118 அடி. மூன்றும் மூன்று இலக்கம் என்பதால் நடுவில் வைத்தாலும் வித்தியாசம் தெரியாது. அதே அட்டவணையில் கடனா 85, ராமநதி 84, கருப்பாநதி 72 என்று சேர்க்கும்போதுதான் தெரியும், இலக்கங்கள் நேருக்கு நேர் நிற்காது. அப்புறம் இன்றைய நீர்மட்டம் ஒன்றுக்கு 98.4 என்றும் இன்னொன்றுக்கு 101 என்றும் எழுதினால் புள்ளி ஒரு பக்கம், இலக்கம் ஒரு பக்கம். எல்லா எண்ணையும் 98.40, 101.00 என்று ஒரே அளவு தசமத்தில் எழுதிவிட்டு டெக்ஸ்ட்-அலைன்: ரைட் போடுங்கள். கூடவே ஃபான்ட்-வேரியன்ட்-நியூமெரிக்: டேபுலர்-நம்ஸ் போட்டால் 1-க்கும் 8-க்கும் ஒரே அகலம் கிடைக்கும், எழுத்துருவில் அந்த வசதி இருக்க வேண்டும். அப்போது மேலிருந்து கீழே ஒரு பார்வை ஓட்டினாலே எந்த அணை ஏறியிருக்கிறது என்று தெரிந்துவிடும்.

டிஎச் இயல்பாகவே நடுவில் நிற்கும், தடித்தும் இருக்கும். கீழே எண்கள் வலது ஓரம், மேலே தலைப்பு நடு என்று இருந்தால் எந்தத் தலைப்பு எந்தப் பத்திக்கு என்று கண் தடுமாறும். தலைப்பையும் அதன் பத்தியின் பக்கமே இழுத்துவிடுங்கள். "அடி", "கன அடி" என்பதை ஒவ்வொரு கட்டத்திலும் எழுதாமல் தலைப்பில் ஒரு தடவை எழுதினால் போதும்.

கோல் டேகுக்கு டெக்ஸ்ட்-அலைன் கொடுத்தேன், பத்தி நகரவே இல்லையே?

நகராது. கோல் என்பது ஒரு பத்தியைக் குறிக்கிற டேக்தான், ஆனால் கட்டங்கள் எல்லாம் வரிசையின் பிள்ளைகள், பத்தியின் பிள்ளைகள் இல்லை. அதனால் கோலுக்குக் கொடுக்கிற எழுத்துச் சம்பந்தமான எதுவும் கட்டத்துக்குப் போய்ச் சேராது. கோலில் பார்டர், பின்னணி நிறம், அகலம், விசிபிலிட்டி என்று நாலே நாலுதான் வேலை செய்யும், அதிலும் கோடு (பார்டர்) மட்டும் கொலாப்ஸ் போட்டிருந்தால்தான் வரும். பின்னணி நிறமும் வரிசைக்கோ கட்டத்துக்கோ வேறு நிறம் இருந்தால் அடியில் மறைந்துவிடும், ஏனென்றால் அட்டவணையில் நிறங்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன: அடியில் டேபிள், அதன் மேல் பத்திக் கூட்டம், பத்தி, வரிசைக் கூட்டம், வரிசை, எல்லாவற்றுக்கும் மேலே கட்டம்.

மூன்றாம் பத்தியை வலப்பக்கம் தள்ள டிடி:என்த்-சைல்டு(3) என்று எழுதுங்கள். ஆனால் நடுவில் கோல்ஸ்பான் (ஒரே கட்டம் பல பத்திக்கு நீள்வது) உள்ள வரிசை வந்தால் எண்ணிக்கை பிசகும், அந்த மாதிரி அட்டவணைக்கு எண் கட்டங்களுக்கு ஒரு கிளாஸ் கொடுத்துவிடுவதே நிம்மதி.

ஒன்றுவிட்டு ஒரு வரிசைக்கு நிறம் போட்டேன். ரோஸ்பான் (ஒரே கட்டம் பல வரிசைக்கு நீள்வது) வந்த இடத்தில் எல்லாம் கெட்டுப்போகிறது. என்ன செய்வது?

சாதாரண அட்டவணைக்கு டிபாடிக்குள் டிஆர்:என்த்-சைல்டு(ஈவன்) என்று (டிஆர் என்றால் வரிசை, ஈவன் என்றால் இரட்டைப்படை) எழுதி இளஞ்சாம்பல் கொடுத்தால் போதும். ரோஸ்பான் வந்தால்தான் வம்பு. தாமிரபரணி அணைக்கட்டுகளையும் கால்வாய்களையும் வைத்து ஒரு அட்டவணை போடும்போது இதை முழுசாக அனுபவித்தேன், அதையே காட்டுகிறேன்.

ஆற்றில் 8 அணைக்கட்டுகள், 11 கால்வாய்கள். முதலில் கோடைமேலழகியான், அதிலிருந்து வடக்கு ஒன்று தெற்கு ஒன்று என இரண்டு கால்வாய். அப்புறம் நதியுண்ணி, கன்னடியன் இரண்டுக்கும் அதே பெயரில் ஒவ்வொன்று. அரியநாயகிபுரம் அணைக்கட்டில் கோடகன் கால்வாய், பழவூரில் பாளையங்கால்வாய், சுத்தமல்லியில் திருநெல்வேலி கால்வாய். மருதூரில் மேலக்கால், கீழக்கால். கடைசியாக ஸ்ரீவைகுண்டத்தில் வடகால், தென்கால். அதாவது 11 வரிசை, மூன்று இடத்தில் அணைக்கட்டின் பெயர் இரண்டு வரிசைக்குப் பொதுவாக ரோஸ்பான் 2.

இப்போது ஈவன் வரிசைக்கு நிறம் போட்டால் என்ன நடக்கிறது? மருதூரின் மேலக்கால் எட்டாவது வரிசை, நிறம் வரும். மருதூர் என்ற கட்டம் அந்த எட்டாவது வரிசையில் பிறந்தது, ஆகவே இரண்டு வரிசை உயரத்துக்கும் சாம்பலாக நிற்கும். ஒன்பதாவது வரிசையான கீழக்கால் மட்டும் வெள்ளை. கோடைமேலழகியானில் இதற்கு நேர் எதிர், பெயர்க் கட்டம் வெள்ளை, தெற்குக் கால்வாய் சாம்பல். கீழக்கால் ஏதோ வேறு அணைக்கட்டைச் சேர்ந்த மாதிரி பார்ப்பவருக்குத் தோன்றும், அது தப்பான தகவல்.

வழி என்னவென்றால் ஒரு டேபிளுக்குள் டிபாடி எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம். ஒவ்வொரு அணைக்கட்டையும் ஒரு டிபாடி ஆக்கிவிடுங்கள், மொத்தம் எட்டு. பெயர்க் கட்டம் டிஎச், அதற்கு ஸ்கோப் ரோகுரூப். நிறத்தை டிபாடி:என்த்-ஆஃப்-டைப்(ஈவன்) என்று கொடுங்கள். என்த்-சைல்டு போடக்கூடாது, டிஹெட்டையும் சேர்த்து எண்ணிவிடும். இப்போது நதியுண்ணி, அரியநாயகிபுரம், சுத்தமல்லி, ஸ்ரீவைகுண்டம் நான்கும் முழுசாகச் சாம்பல், மற்றவை முழுசாக வெள்ளை. மருதூரும் அதன் இரண்டு கால்களும் ஒரே நிறத்தில் சேர்ந்து நிற்கும். டிபாடி:ஹோவர் என்று ஒரு வரி சேர்த்தால் மவுஸ் வைத்த அணைக்கட்டு மொத்தமும் மின்னும். எனக்கு மிகவும் பிடித்த அட்டவணை அது.

இதோடு ஒட்டிய இன்னொரு கேள்வி, தேடல் பெட்டி வைத்துச் சில வரிசைகளை மறைத்தால் நிறம் தாறுமாறாகிறது என்பது. மறைந்த வரிசையும் எண்ணிக்கையில் இருக்கிறது, அதனால்தான். மறைக்கும் வரிசைக்கு ஹிடன் என்ற பண்பு கொடுத்துவிட்டு என்த்-சைல்டு(ஈவன் ஆஃப் :நாட்([ஹிடன்])) என்று எழுதினால் தெரிகிற வரிசைகளை மட்டும் எண்ணும். 2023-க்குப் பிறகு வந்த குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி மூன்றிலும் இது ஓடும்.

ஊர்ப் பெயர் நீளமாக இருப்பதால் ஒரு பத்தி மட்டும் அகன்றுகொண்டே போகிறது.

வாசுதேவநல்லூர், அம்பாசமுத்திரம், திருக்குறுங்குடி என்று நமக்கு ஊர்ப் பெயரே அரை வரி இருக்கும். இயல்பான ஆட்டோ முறையில் பிரவுசர் எல்லா வரிசையையும் படித்துப் பார்த்து, எந்தச் சொல் உடைக்க முடியாத அளவு நீளமோ அதற்குத் தக்கபடி பத்தியின் அகலத்தை வைக்கும். நீங்கள் விட்த் 80 பிக்சல் என்று கொடுத்தாலும் சொல் அதைவிட நீளம் என்றால் கேட்காது.

டேபிளுக்கு ஒரு அகலம் கொடுத்து டேபிள்-லேஅவுட்: ஃபிக்ஸ்டு போட்டால் முதல் வரிசையையும் கோல் டேகுகளையும் மட்டும் பார்த்து அகலத்தை முடிவு செய்துவிடும், உள்ளே என்ன எழுத்து இருந்தாலும் மாறாது. ஆயிரம் வரிசை உள்ள அட்டவணை என்றால் சீக்கிரம் திரையில் வருவதும் இதனால்தான். ஆனால் நீளச் சொல் பக்கத்துக் கட்டத்தில் ஏறி உட்காரும், அதற்கு ஓவர்ஃப்ளோ-ராப்: பிரேக்-வேர்டு வேண்டும். அது "வாசுதேவநல்/லூர்" என்று எங்கே இடம் முடிகிறதோ அங்கே வெட்டும், படிக்க அழகாக இருக்காது. நான் ஊர்ப் பெயரில் நானே டபிள்யூபிஆர் டேக் வைத்துவிடுவேன், வாசுதேவ என்றதும் ஒன்று, நல்லூர் தனி. இடம் இருந்தால் ஒரே வரி, இல்லையென்றால் அந்த இடத்தில் மட்டும் கீழே இறங்கும், ஹைஃபன் கோடும் வராது. இருபது முப்பது ஊர்ப் பெயருக்குக் கையால் செய்தாலும் பத்து நிமிஷ வேலைதான்.

புள்ளி புள்ளியாக முடித்து மறைக்கிற எலிப்சிஸ் பற்றியும் கேட்கிறார்கள். ஃபிக்ஸ்டு அகலம், ஓவர்ஃப்ளோ ஹிடன், ஒயிட்-ஸ்பேஸ் நோராப், டெக்ஸ்ட்-ஓவர்ஃப்ளோ எலிப்சிஸ் நான்கும் சேர்ந்தால் வரும். ஊர்ப் பெயரில் மட்டும் செய்யாதீர்கள், "திருக்..." என்று நின்றால் அது எந்த ஊர் என்று யாருக்குத் தெரியும்?

விட்த் 100 சதவீதம் எப்போதும் கொடுக்க வேண்டுமா?

வேண்டாம். அல்வா விலைப்பட்டியல் இரண்டே பத்தி: 250 கிராம், 500 கிராம், 1 கிலோ ஒரு பக்கம், விலை ஒரு பக்கம். இதைக் கம்ப்யூட்டர் திரை முழுக்க இழுத்தால் எடை இந்தக் கோடியில், விலை அந்தக் கோடியில். நடுவில் கண் வரிசை மாறிவிடும். அகலத்தை விட்டுவிட்டால் உள்ளடக்கத்துக்குத் தக்கபடி அதுவே சுருங்கி நிற்கும், அதுதான் அழகு.

போனில் பார்த்தால் அட்டவணை திரைக்கு வெளியே போகிறது. என்ன செய்யலாம்?

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு விவசாயிகள் சங்கத்துக்கு அணை விவரப் பக்கம் செய்தேன். அணை, முழு மட்டம், இன்றைய மட்டம், நீர்வரத்து, வெளியேற்றம் என்று ஐந்து பத்தி. போனில் கடைசிப் பத்தி திரைக்கு வெளியே போய்விட்டது, தள்ளிப் பார்க்கலாம் என்பதற்கு ஒரு அடையாளமும் நான் வைக்கவில்லை. முக்கூடல் பக்கத்துப் பெரியவர் ஒருவர் போன் செய்தார். "தம்பி, வரத்துதான் போட்டிருக்கு, அணையிலேருந்து எவ்வளவு தண்ணி விடுதாங்கன்னு காணலையே" என்றார். "அண்ணாச்சி, விரலால் இடது பக்கம் தள்ளிப் பாருங்க" என்றேன். தள்ளிப் பார்த்துவிட்டு, "இது இருக்கது எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். அவருக்கு வேண்டியது அந்த ஒரு எண்தான், நாற்று பாவுவதா வேண்டாமா என்று அதை வைத்துத்தான் முடிவு செய்வார். அதைக் கொண்டுபோய் ஒளித்து வைத்த மாதிரி ஆகிவிட்டதே என்று அன்றைக்கு ராத்திரியே உட்கார்ந்து மாற்றினேன்.

என்ன மாற்றினேன் என்றால், முதலில் பத்திகளின் வரிசை. அணை பெயருக்கு அடுத்து இன்றைய மட்டம், அடுத்து வெளியேற்றம், அப்புறம்தான் நீர்வரத்து, கடைசியில் முழு மட்டம். இதற்கு சிஎஸ்எஸ் ஒரு வரிகூடத் தேவைப்படவில்லை. இரண்டாவது, டேபிளைச் சுற்றி ஒரு டிவ் (வெறும் பெட்டியாக நிற்கிற டேக்) வைத்து அதற்கு ஓவர்ஃப்ளோ-எக்ஸ்: ஆட்டோ. இதைச் செய்யாவிட்டால் அட்டவணையோடு முழுப் பக்கமும் ஆடும். அந்த டிவுக்கு டேப்இன்டெக்ஸ் 0 கொடுத்தால் கீபோர்டு மட்டும் வைத்திருப்பவரும் உருட்டிப் பார்க்கலாம். மூன்றாவது, அணையின் பெயர் உள்ள முதல் பத்தியை பொசிஷன்: ஸ்டிக்கி, லெஃப்ட்: 0 என்று ஓரத்தில் ஒட்டி வைத்தேன், தள்ளிக்கொண்டு போனாலும் எந்த அணை என்பது கண்ணில் இருக்கும். அந்தக் கட்டங்களுக்குப் பின்னணி நிறம் கட்டாயம் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அடியில் நகர்கிற எண்கள் பெயரோடு கலந்து தெரியும். கடைசியாக அட்டவணைக்கு மேலே "பக்கவாட்டில் தள்ளிப் பார்க்கவும்" என்று ஒரு சின்ன வரி.

ஒவ்வொரு வரிசையையும் தனி அட்டை மாதிரி உடைத்துக் காட்டும் முறையும் உண்டு. சின்னத் திரையில் டிஆர், டிடி எல்லாவற்றையும் டிஸ்ப்ளே: பிளாக் ஆக்கி, டேட்டா-லேபிள் என்ற பண்பில் பத்தியின் பெயரை எழுதி, :பிஃபோர் வழியாக அதை ஒவ்வொரு எண்ணுக்கும் முன்னால் காட்டுவது. ஒரே ஒரு அணையைப் பார்ப்பவருக்கு நல்லது. ஆனால் பாபநாசத்தையும் மணிமுத்தாறையும் ஒப்பிட வேண்டும் என்றால் அட்டை முறையில் மேலும் கீழும் உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும். தவிர டிஸ்ப்ளேயை மாற்றினால் சில பிரவுசர்களில் ஸ்கிரீன் ரீடருக்கு அது அட்டவணை என்பதே தெரியாமல் போகும். ஆகவே ஒப்பிடுகிற அட்டவணைக்குத் தள்ளுவது, தனித்தனியாகப் படிக்கிற பட்டியலுக்கு அட்டை.

தலைப்பு வரிசையை மேலேயே ஒட்டி வைக்க முடியவில்லை. ஸ்டிக்கி போட்டும் போய்விடுகிறது.

பெரும்பாலும் மேலே சொன்ன ஓவர்ஃப்ளோ டிவ்தான் காரணம். ஸ்டிக்கி என்பது தனக்கு மிக அருகில் உருளுகிற பெட்டி எதுவோ அதோடுதான் ஒட்டும். டிவுக்கு ஓவர்ஃப்ளோ-எக்ஸ் ஆட்டோ போட்டதுமே அதுதான் அந்தப் பெட்டியாகிவிடுகிறது, பக்கத்தை நீங்கள் உருட்டும்போது தலைப்பும் கூடவே போய்விடும். அந்த டிவுக்கு மேக்ஸ்-ஹைட் 80விஎச் (திரை உயரத்தில் 80 சதவீதம்) என்று ஒரு உயரம் கொடுங்கள், அட்டவணை இரண்டு பக்கமும் அதற்குள்ளேயே உருளும், தலைப்பு டாப்: 0-வில் நிற்கும். மூலைக் கட்டம் இரண்டு பக்கமும் ஒட்டுவதால் அதற்கு இசட்-இன்டெக்ஸ் மற்றவற்றைவிடக் கூடுதலாக இருக்கட்டும்.

ஸ்டிக்கியை டிஎச் கட்டங்களுக்கே கொடுத்துப் பழகுங்கள். டிஹெட்டுக்குக் கொடுப்பது குரோமில் 2021-ல்தான் வேலை செய்யத் தொடங்கியது. இன்னொன்று, கொலாப்ஸ் போட்ட அட்டவணையில் தலைப்பு நின்றாலும் அதன் கீழ்க்கோடு நிற்காமல் விவரங்களோடு நகர்ந்துவிடலாம். அப்போது கொலாப்ஸை எடுத்துவிட்டு பார்டர்-ஸ்பேசிங் 0 வைத்து, கட்டத்துக்குக் கீழ்க்கோடு மட்டும் போட்டால் சரியாகிவிடும்.

மூலைகளை வளைக்க பார்டர்-ரேடியஸ் கொடுத்தால் வருவதில்லை?

இதுவும் கொலாப்ஸால்தான். செப்பரேட் ஆக்கி ஸ்பேசிங் 0 வையுங்கள், டேபிளுக்கு ஓவர்ஃப்ளோ ஹிடனும் ரேடியஸும் கொடுங்கள். ஸ்டிக்கி தலைப்பு உள்ள அட்டவணைக்கு இதைச் செய்யாதீர்கள், ஓவர்ஃப்ளோ ஹிடன் அதைக் கெடுத்துவிடும்.

வேர்டிலிருந்தோ எக்செல்லிலிருந்தோ ஒட்டிய அட்டவணை என் ஸ்டைலைக் கேட்பதே இல்லை.

ஒட்டும்போது ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஸ்டைல் என்று எழுத்துரு, நிறம், அகலம் எல்லாம் கூடவே வந்துவிடுகிறது. டேகுக்குள் இருக்கும் ஸ்டைல் வெளிக் கோப்பில் உள்ளதை வென்றுவிடும். இம்பார்ட்டன்ட் போட்டு அடக்கலாம், ஆனால் அது அன்றைய தேதிக்குத்தான், அடுத்த வாரம் அந்த இம்பார்ட்டன்டை அடக்க இன்னொன்று வேண்டும். வெறும் எழுத்தாக ஒட்டிவிட்டு டேகுகளை நீங்களே போடுவது, அல்லது எடிட்டரில் தேடி மாற்றும் வசதியால் ஸ்டைல் பண்புகளை மொத்தமாக எடுப்பது, இரண்டில் ஒன்று செய்யுங்கள். பழைய பிஜிகலர், அலைன் மாதிரியானவற்றுக்குப் பயப்பட வேண்டாம், உங்கள் சிஎஸ்எஸ்ஸில் அதே விஷயத்துக்கு ஒரு வரி எழுதினால் அது தானாகத் தோற்றுவிடும்.

பாடிக்கு எழுத்து அளவு கொடுத்தால் அட்டவணைக்குள் மட்டும் மாறவில்லை.

கோப்பின் முதல் வரியில் டாக்டைப் இருக்கிறதா பாருங்கள். அது இல்லாவிட்டால் பிரவுசர் பழைய காலத்து முறைக்குப் போய்விடும், அந்த முறையில் எழுத்தளவு டேபிளுக்குள் இறங்காது. அந்த ஒரு வரியைச் சேர்த்தால் தீர்ந்தது.

முழுப் பக்கத்தையுமே டேபிளால் கட்டலாமா? எங்கள் சார் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்.

அவர் கற்றுக்கொண்ட காலத்தில் அதுதான் வழி. சிஎஸ்எஸ்ஸின் முதல் பதிப்பு 1996 டிசம்பரில் வந்தது, அதில் அட்டவணைக்கென்று ஒன்றும் இல்லை. 1998 மே மாதம் வந்த இரண்டாம் பதிப்பில்தான் அட்டவணைக்கு ஒரு முழு அத்தியாயம் சேர்ந்தது. அந்தக் காலத்தில் இடப்பக்கப் பட்டியல், நடுவில் செய்தி என்று பிரிக்க டேபிளை விட்டால் வேறு கதியில்லை. இப்போது பக்கத்தைப் பிரிக்க சிஎஸ்எஸ்ஸிலேயே ஃபிளெக்ஸ் இருக்கிறது, 2017-லிருந்து முக்கிய பிரவுசர்களில் கிரிட் இருக்கிறது. டேபிளை விவரங்களுக்கு மட்டும் வையுங்கள்.

அச்சடித்து நோட்டீஸ் போர்டில் ஒட்ட வேண்டும். எதைக் கவனிக்க?

ஆனித் திருவிழா விவரம் பத்து நாள், காலை ஒன்று மாலை ஒன்று, ஒன்பதாம் நாள் தேரோட்டம். இது ஒரே தாளில் அடங்கிவிடும். பஸ் நேரப் பட்டியல்தான் மூன்று நாலு தாள் போகும், இரண்டாம் தாளில் தலைப்பு இல்லையென்றால் எது புறப்படும் நேரம், எது வந்து சேரும் நேரம் என்று தெரியாது. டிஹெட் ஒழுங்காக இருந்தால் பெரும்பாலான பிரவுசர்கள் ஒவ்வொரு தாளிலும் தலைப்பைத் திரும்ப அச்சடிக்கும், நீங்கள் டிஹெட்டின் டிஸ்ப்ளேயை மாற்றியிருக்காமல் இருந்தால் சரி. அச்சுக்கென்று தனியாக மீடியா பிரின்ட் என்ற பகுதி எழுதி, டிஆருக்கு பிரேக்-இன்சைடு: அவாய்டு கொடுங்கள், ஒரு வரிசை பாதி இந்தத் தாளிலும் பாதி அடுத்த தாளிலும் வெட்டுப்படாது.

பின்னணி நிறம் இயல்பாக அச்சில் வராது. வர வேண்டும் என்றால் பிரின்ட்-கலர்-அட்ஜஸ்ட்: எக்சாக்ட். ஆனால் கறுப்பு வெள்ளை பிரிண்டரிலும், அதை மறுபடி ஜெராக்ஸ் எடுக்கும்போதும் இளஞ்சாம்பல் அழுக்கு மாதிரி விழும். நான் அச்சில் நிறத்தை எல்லாம் எடுத்துவிட்டு மெல்லிய கோட்டை மட்டும் விடுகிறேன்.

முக்கியமாக, போனுக்காகச் சுற்றி வைத்த டிவுக்கு மேக்ஸ்-ஹைட் கொடுத்தோம் அல்லவா, அதை அச்சுப் பகுதியில் நன் என்றும், ஓவர்ஃப்ளோவை விசிபிள் என்றும், ஸ்டிக்கியை ஸ்டாட்டிக் என்றும் மாற்றிவிடுங்கள். மறந்தால் திரையில் தெரிந்த அளவுக்கு மட்டும் அச்சாகி, ராத்திரி கடைசி பஸ் உள்ள வரிசை தாளிலேயே இருக்காது.